கிணற்றுச் சுவர்ச் செடி: இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள். பூச்சியா?

கிணற்றடி | ஜூன் 14, காலை 7.40

வணக்கம். எங்கள் வீடு தென்காசிப் பக்கம். கொல்லையில் தாத்தா காலத்துக் கிணறு. உள்சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். சாரல் ஆரம்பித்தால் சுவர் முழுக்கப் பச்சை பிடித்துவிடும். யாரும் நடாமலே அங்கே சீப்பு மாதிரி இலை விடும் ஒரு செடி வரும். போன வருடம் அதில் ஒன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தேன், தளதளவென்று வந்தது. இப்போது இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். செம்பருத்தியில் வரும் செதில்பூச்சி மாதிரியே இருக்கிறது. இரண்டு முறை வேப்பெண்ணெய் அடித்தும் ஒன்றும் உதிரவில்லை. கடையில் வேறு ஒரு மருந்து சொல்கிறார்கள். அடிக்கலாமா?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 14, காலை 9.05

அடிக்காதீர்கள்! தாவரவியல் பாடம் எடுத்த 31 வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. இன்னொரு முறை இலையைத் திருப்பிப் பாருங்கள். புள்ளிகள் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் கோலப்புள்ளி வைத்த மாதிரி வரிசையாக இருக்கின்றனவா? அப்படியானால் அது பூச்சி இல்லை. பூச்சி வரிசை பார்த்து உட்காராது. தண்டிலும் ஏறும், பிசுபிசுப்பு விடும், எறும்பைக் கூட்டிவரும்.

உங்களிடம் இருப்பது பெரணி. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சோரஸ், அதாவது ஸ்போர்ப் பைகளின் கொத்து. செடி வம்சவிருத்திக்குத் தயாராகி நிற்கிறது. நீங்கள் அதற்கு வேப்பெண்ணெய் பூசியிருக்கிறீர்கள்.

கிணற்றடி | ஜூன் 14, காலை 9.30

வரிசையாகத்தான் இருக்கிறது டீச்சர். இரண்டு வரிசை. தலையில் அடித்துக்கொண்டேன்.

மாடித்தோட்டம் | ஜூன் 14, மதியம் 12.15

இழையில் நுழைந்து கேட்பதற்கு மன்னிக்கவும். கிணற்றடி நண்பருக்குப் புள்ளி, எங்கள் பழைய மதில் சுவரில் வரும் செடிக்கோ புள்ளியே இல்லை. நீள நீளமான இலை, ஓரத்தில் மட்டும் பழுப்புக் கோடு. தொட்டியில் வாங்கி வைத்த பாஸ்டன் பெரணியில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அது மலடா?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 14, மாலை 4.50

ஓரக்கோடு போட்ட மதில் செடி பெரும்பாலும் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணியாக இருக்கும். சுண்ணாம்புக் காரை என்றால் அதற்கு உயிர். இலை ஓரத்தையே மடித்து ஸ்போர்ப் பைகளுக்குப் போர்வையாக்கிக்கொள்ளும். மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் செடி இது என்று ஃபுளோரிடாவில் 2001இல் கண்டுபிடித்தார்கள். அதனால் அதைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டாம்.

பாஸ்டன் பெரணி விஷயத்தில் நீங்கள் சொன்னது கிட்டத்தட்டச் சரி. 1894இல் பாஸ்டனுக்குப் போன ஒரு சரக்கில் வித்தியாசமாக ஒரே ஒரு செடி கிடைத்து, அதிலிருந்து பெருக்கியது. உருப்படியான ஸ்போர் கிடையாது. தொட்டி விளிம்பில் நூல் மாதிரி ஓடுதண்டு தொங்கும், அதை மண்ணில் பதியவிட்டால் புதுச் செடி.

குதர்க்கம் | ஜூன் 14, இரவு 8.20

ஸ்போர் ஸ்போர் என்கிறீர்கள். மண்ணில் விழுகிறது, முளைக்கிறது, செடியாகிறது. அதற்குப் பெயர் விதைதானே? கடுகைவிடச் சின்னதாக இருப்பதால் பெயரை மாற்றிவிட்டு மாணவர்களை மனப்பாடம் செய்ய வைத்தீர்கள். நானும் அதில் ஒருவன். 11ஆம் வகுப்பில் வட்டம் வட்டமாக அம்புக்குறி போட்டு வரைந்த படம் இன்னும் கனவில் வருகிறது.

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 15, காலை 6.10

வாருங்கள். உங்களைப் போல ஒருவர் இல்லாவிட்டால் வகுப்பு தூங்கிவிடும்.

ஒரு மொச்சையை ஊறவைத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே குட்டிச் செடி சுருண்டு படுத்திருக்கும், பக்கத்தில் அதற்கான சாப்பாடு, மேலே தோல். விதை என்பது கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, போர்வை போர்த்தி வெளியூர் அனுப்பிய பிள்ளை. பிள்ளை ஏற்கெனவே பிறந்தாயிற்று.

ஸ்போர் அப்படி இல்லை. ஒரே ஒரு செல். சாப்பாடு ஏதோ கொஞ்சம். தாய்ச் செடியின் குரோமோசோம்களில் பாதிதான் அதில் இருக்கும். அது பிள்ளையே இல்லை. அது முளைத்தால் பெரணி வராது; வேறு ஒரு செடி வரும். அந்த வேறு செடிதான் பெரணியைப் பெறும். உங்கள் கனவில் வரும் வட்டப்படத்தின் சங்கதி அவ்வளவுதான்.

குதர்க்கம் | ஜூன் 15, காலை 7.00

வேறு செடி என்றால்? மாமரத்துக் கொட்டையில் வேப்பங்கன்று வருமா?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 15, காலை 10.25

தோற்றத்தில் அவ்வளவு வித்தியாசம் உண்டு, ஆமாம். ஈரத்தில் விழுந்த ஸ்போர் முதலில் ஒரு பச்சை நூல் விடும். அந்த நூல் அகலமாகி, சில வாரத்தில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இதய வடிவத்தில் ஒரு தகடு ஆகும். பெயர் புரோதாலஸ். வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை. நீரைக் கடத்தும் சைலக் குழாயும் இல்லை. பல இடங்களில் ஒரு செல் தடிமன்தான், வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு மயிர் மாதிரி இழைகளால் பிடித்துக்கொள்ளும். ஆனால் பச்சை இருக்கிறது, தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்ளும். யாரையும் அண்டி வாழவில்லை.

அதன் அடிவயிற்றில்தான் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும். இழைகளுக்கு நடுவே ஆந்திரிடியம், இதயத்தின் பள்ளத்துக்குக் கிட்டே ஆர்க்கிகோனியம். மழைத்துளியோ பனியோ பட்டு அடியில் நீர்ப்படலம் ஏற்பட்டால் ஆந்திரிடியம் வெடித்து ஆண் செல்கள் வெளியே வரும். சுருள்வில் மாதிரி உடம்பு, அதில் நிறைய இழைகள், துடுப்புப் போட்டுக்கொண்டு நீந்தும். வண்டு இல்லை, காற்று இல்லை, நிஜமாகவே நீச்சல். வழி எப்படித் தெரியும் என்றால், பெண் உறுப்பின் பக்கமிருந்து வரும் வேதிப்பொருள்தான் இழுக்கிறது. பெரணியின் ஆண் செல்கள் மாலிக் அமிலத்தை நோக்கி நீந்துவதை வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884இலேயே காட்டினார். நம் புளிச்ச ஆப்பிளில் இருக்கும் அதே அமிலம்.

கருவுற்றால் அந்த இதயத்தின் பள்ளத்திலிருந்து முதல் குட்டி இலை எழும், கீழே வேர் இறங்கும். அப்புறம் இதயம் வாடிப் போகும். எழுந்தது உங்கள் தொட்டியில் இருக்கும் பெரணி. அதற்கு சைலம் உண்டு, சாப்பாட்டைக் கடத்தும் ஃபுளோயம் உண்டு, நிமிர்ந்து நிற்கத் தெம்பு உண்டு.

மலைநாட்டான் | ஜூன் 15, மாலை 6.40

நுவரெலியாவில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் பெரணி என்றால் யாருக்கும் விளங்காது, நாங்கள் பன்னம் என்போம். ஸ்போருக்கு வித்தி. டீச்சர் சொன்ன இதயத் தகடு புணரித்தாவரம், பெரிய பன்னம் வித்தித்தாவரம். இந்தப் பெயர்களிலேயே விஷயம் அடங்கியிருப்பதாக எனக்குப் படும். ஒன்று வித்தியை உண்டாக்கும், மற்றது புணரியை, அதாவது ஆண் பெண் செல்களை, உண்டாக்கும். மாறி மாறி வரும். ஹக்கலைப் பூங்காவுக்கு வந்தால் மரப்பன்னங்களைப் பாருங்கள், ஆளைவிட உயரமாக நிற்கும். அவ்வளவு பெரிய மரமும் ஒரு நகமளவு தகட்டில் இருந்து எழும்பினது என்பதை என் பிள்ளைகள் இன்னும் நம்பவில்லை.

குதர்க்கம் | ஜூன் 15, இரவு 9.15

வித்தித்தாவரம், புணரித்தாவரம். இந்தப் பெயரில் யாராவது எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் பாஸாகியிருப்பேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசிக்கும் இதே கதை என்று படித்த நினைவு. அப்படியானால் பெரணிக்கு என்ன தனிச்சிறப்பு?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 16, காலை 6.30

வகுப்பில் நான் குடும்பக் கதையாகத்தான் சொல்வேன். பாசியில் நாம் பார்க்கும் பச்சைதான் புணரித்தாவரம் (நல்ல சொல், எடுத்துக்கொள்கிறேன்). அதன் பிள்ளை ஒரு காம்பும் ஒரு பெட்டியுமாகத் தாயின் தலைமேலேயே நின்று, தாய் ஊட்டச் சாப்பிட்டு, அங்கேயே முடிந்துபோகும். வீட்டோடு மாப்பிள்ளை. மாமரம், நெல் வகையறாவில் தலைகீழ். அங்கே புணரித்தாவரம் சில செல்களாகச் சுருங்கி மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே தலைகாட்டாத மாமியார். பெரணியில் மட்டும் இரண்டு பேரும் தனிக்குடித்தனம். பிள்ளை கொஞ்ச நாள் தாய் மடியில் இருக்கும், வேர் விட்டதும் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்.

சில பெரணிகளில் பிள்ளையே வராமல் தாய்த் தலைமுறை மட்டும் காலங்காலமாக வாழ்கிறது. கில்லார்னி பெரணி என்று ஒன்று. பிரிட்டனில் பல இடங்களில் பாறை இடுக்குகளில் அதன் புணரித்தாவரம் மட்டும் பச்சைப் பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கும், பெரணியைப் பார்க்க முடியாது.

கிணற்றடி | ஜூன் 16, காலை 8.00

அப்படியானால் எங்கள் கிணற்றுச் சுவரில் நாங்கள் பாசி என்று நினைத்தது?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 16, காலை 8.20

பாசியும் இருக்கும். ஆனால் அதில் நிறைய பெரணியின் தாய்மார்கள்.

கிணற்றடி | ஜூன் 16, காலை 8.35

ஒவ்வொரு பொங்கலுக்கும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறோமே!

நீலகிரித் தேநீர் | ஜூன் 17, மதியம் 2.10

நல்ல இழை. ஊட்டியில் ஃபெர்ன்ஹில் என்று ஒரு பகுதியே இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்துவிட்டுப் பெரணி பற்றி இவ்வளவு நாள் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஒரு தகவல் மட்டும் சேர்க்கிறேன். சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம் இந்த மலைகளில் சுற்றித் தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு புத்தகமாக 1860களிலேயே போட்டுவிட்டார். அப்புறம் நம் ஆட்கள் என்றால், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கம் அடிகளாரும் இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிப் பெரணிகளைத் தொகுத்து 1992இல் வெளியிட்டார்கள். கிணற்றடி நண்பருக்குப் பாளையங்கோட்டை பக்கம்தானே.

என் கேள்வி: ஸ்போர் எப்படி அவ்வளவு தூரம் போகிறது? எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் சிமெண்ட் வெடிப்பில் ஒரு பெரணி. யாரும் நடவில்லை.

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 17, மாலை 5.30

இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகும்.

முற்றிய இலைத்துண்டு ஒன்றைப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்து மேலே மேஜை விளக்கைப் போடுங்கள். புள்ளிக்குள் பத்து நாற்பது குட்டிப் பைகள் தெரியும், ஒவ்வொன்றும் காம்பில் நிற்கும் உருண்டை. உருண்டையின் முதுகில் தலைக்கவசத்து வார் மாதிரி தடித்த செல்களால் ஒரு வளையம் ஓடும். அன்னுலஸ் என்று பெயர். அந்தச் செல்களில் தண்ணீர் இருக்கும். உள்சுவரும் பக்கச்சுவரும் தடிமன், வெளிச்சுவர் மட்டும் மெல்லிசு. விளக்குச் சூட்டில் தண்ணீர் ஆவியாக ஆக, மெல்லிய சுவர் உள்ளே இழுபடும், வளையம் சுருங்க வழியில்லாமல் நிமிரத் தொடங்கும். பை வாயைப் பிளக்கும். வளையம் மெதுவாகப் பின்னால் வளைந்துகொண்டே போகும், ஸ்போர்களையும் கையில் அள்ளிக்கொண்டு. பந்து வீசப் போகிறவன் கையைப் பின்னால் இழுப்பானே, அதேதான். ஓர் எல்லைக்கு மேல் உள்ளிருக்கும் தண்ணீர் இழுவிசை தாங்காது, செல்களுக்குள் சட்டென்று ஆவிக்குமிழி உண்டாகும். அந்த நொடியில் வளையம் விடுபட்டு முன்னால் பாயும். ஸ்போர் பறக்கும். விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகம். வளையம் பாதி வழியில் தானாகவே தடைபட்டு நிற்பதால்தான் ஸ்போர்கள் கழன்று ஓடுகின்றன. கவணில் குறுக்குக் கட்டை இருப்பது போல. இதை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2012இல் விளக்கினார்கள்.

பார்ப்பதற்கு வாணலியில் கடுகு தாளிக்கிற மாதிரி இருக்கும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அப்புறம் எல்லாம் சேர்ந்து. மாணவிகள் கத்துவார்கள்.

ஒரு பையில் வழக்கமாக 64 ஸ்போர். ஓர் இலையில் எத்தனை பை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தூசியைவிட லேசு என்பதால் காற்றோடு கடலே தாண்டும். 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவு கருகிப் போனது. மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அங்கே 11 வகைப் பெரணிகள் முளைத்திருந்தன. உங்கள் மூன்றாம் மாடி அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

குதர்க்கம் | ஜூன் 17, இரவு 10.00

கடல் தாண்டி ஒரே ஒரு ஸ்போர் போய் விழுந்தால் ஜோடிக்கு எங்கே போகும்?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 18, காலை 6.15

நல்ல கேள்வி, கிண்டல் இல்லாமல் சொல்கிறேன். ஒரே தகட்டில் ஆணும் பெண்ணும் இருப்பதால் பல இனங்களில் தன்னோடு தானே கருவுற முடியும். தனித்தீவில் அது போதும். ஆனால் அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு அம்மாவின் குரோமோசோம் செட்டும் அப்பாவின் செட்டும் அச்சு அசலாக ஒன்றே. பலவீனம் இருந்தால் மறைய இடமில்லை.

அதனால் கூட்டமாக முளைக்கும்போது இன்னொரு ஏற்பாடு உண்டு. முதலில் பெரிதாகிப் பெண் உறுப்பு விட்ட தகடு தன்னைச் சுற்றி ஒரு ஹார்மோனைக் கசியவிடும். அது பட்ட சின்னத் தகடுகள் பெண்ணாக வளராமல் சீக்கிரமே ஆணாகிவிடும். வால்டர் டோப் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1950இல் கண்டது. ஊரில் முதலில் வீடு கட்டியவள் மற்ற எல்லோரையும் மாப்பிள்ளை வரிசையில் நிறுத்துகிறாள்.

கொல்லிமலைச் சீமை | ஜூன் 19, காலை 11.45

எல்லாரும் கிணறு, பால்கனி என்று பேசுகிறீர்கள். எங்கள் மலைக்கு வந்து முடவாட்டுக்கால் சூப் குடித்துவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது பெரணி என்று தெரியும்? பாறை மேலும் மரத்து மேலும் படர்ந்திருக்கும். செம்பழுப்பு ரோமம் போர்த்தி, ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சீவி, வட்டவட்டமாக நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்தால் வாசனை தெருவுக்கே வரும். நாங்கள் கிழங்கு என்கிறோம். டீச்சர், அது கிழங்கா?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 19, மாலை 4.00

தாவரவியல் கணக்கில் தண்டு. கிடைமட்டமாகப் படரும் தண்டு. நீங்கள் ரோமம் என்பது அதன் மேலிருக்கும் செதில். பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. அதில் இலை இரண்டு விதம், கவனித்திருப்பீர்கள். அடியில் சருகு நிறத்தில் கையைக் குவித்த மாதிரி சின்ன இலைகள். அவை செத்த இலை இல்லை, குப்பைக்கூடை. மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் சேர்த்துவைத்துத் தனக்கு எருவாக்கிக்கொள்ளும். பாறை மேல் மண் ஏது? உயரமாக வரும் பச்சை இலையின் முதுகில்தான் ஸ்போர்ப்புள்ளிகள்.

முட்டிவலிக்கு நல்லது என்று விற்கிறார்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சூப் ருசியாக இருக்கும், அது உண்மை.

கொல்லிமலைச் சீமை | ஜூன் 19, இரவு 7.30

அப்பா காலத்தில் கோயிலுக்குப் போகும் வழியிலேயே மரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இப்போது உள்ளே ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கிறது. ஸ்போர்தான் லட்சக்கணக்கில் பறக்கிறதே, ஏன் திரும்ப வரவில்லை?

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 20, காலை 6.40

பறப்பது லட்சம், பிழைப்பது ஒன்றிரண்டு. விழுகிற இடம் ஈரமாக இருக்க வேண்டும், அந்த ஈரம் தகடு வளர்ந்து நீச்சல் முடியும்வரை காயாமல் இருக்க வேண்டும். அப்புறம் குட்டி இலை, அது கை தடிமன் தண்டாக ஆக வருடங்கள். தண்டைப் பெயர்ப்பவர் ஐந்து நிமிடத்தில் பெயர்த்துவிடுகிறார். நுனியில் ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டினால் அது மறுபடி படரும். ஸ்போரை நம்புவதைவிட அது உத்தமம்.

மாட்டுத்தொழுவம் | ஜூன் 21, காலை 5.50

பால் கறந்துவிட்டு எழுதுகிறேன். எங்களிடம் தார்ப்பாய் விரித்த தொட்டியில் அசோலா இருக்கிறது, மாட்டுத் தீவனத்தில் கலக்கிறோம். அதுவும் பெரணி என்று பயிற்சியில் சொன்னார்கள். இலைக்கு அடியில் புள்ளியே பார்த்ததில்லை. தாயிலிருந்து துண்டு துண்டாகப் பிரிந்து பெருகுகிறது. அப்புறம் எங்கள் வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரையும் பெரணி என்றார்கள். அதில் அடியில் கருப்பாகப் பயறு மாதிரி ஒன்று இருக்கிறதே, அது விதை இல்லையா?

குதர்க்கம் | ஜூன் 21, காலை 7.10

அப்படிக் கேளுங்கள் அண்ணே! பெரணிக்கு விதை கிடையாது என்று ஒரு வாரமாகப் பாடம் நடக்கிறது.

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 21, மாலை 5.15

ஆரைக்கீரைப் பயறு நிறைய பேரை ஏமாற்றும். அது ஸ்போர்க்கனி. ஓர் இலையே மடிந்து கெட்டியாகி உள்ளே ஸ்போர்ப் பைகளை வைத்துப் பூட்டிக்கொண்டது. குளம் வற்றினாலும் கவலை இல்லை, வருடக்கணக்கில் கிடக்கும். நாளைக்கே செய்து பாருங்கள்: நன்கு முற்றிய ஒன்றை எடுத்து, ஓரத்தை நகவெட்டியால் லேசாகக் கிள்ளித் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது வாய் பிளந்து உள்ளிருந்து வழவழவென்று ஒரு புழு நீண்டு வரும். நிஜப் புழு இல்லை, ஜெல்லி. அதில் பைகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சாதாரணப் பெரணிக்கு மாதக்கணக்கில் ஆகிற வேலையை ஆரைக்கீரை ஓரிரு நாளில் முடித்துவிடும். தேங்கும் தண்ணீரில் வாழ்பவர்களுக்கு அவகாசம் கிடையாது.

ஆரைக்கீரையும் அசோலாவும் இரண்டு அளவில் ஸ்போர் விடும். பெரியது பெண் தகடாகும், சின்னது ஆண் தகடாகும். தகடும் ஸ்போர் தோலைத் தாண்டி அதிகம் வெளியே வருவதில்லை. விதை போகும் வழியில் பாதி தூரம் வந்து நின்ற மாதிரி.

அசோலா தொட்டியில் துண்டாகிப் பெருகுவதுதான் வழக்கம். அதன் இலைக்குழியில் நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருக்கிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது அதுதான். அசோலா பெரிய ஸ்போர் விடும்போது அந்தப் பாக்டீரியாவிலும் கொஞ்சத்தை உடன் வைத்து அனுப்பும். சீதனம்.

குதர்க்கம் | ஜூன் 21, இரவு 8.45

எல்லாம் சரி. மொத்தத்தில் விதை என்ற நல்ல உபாயம் தெரியாத, பின்தங்கிய பழைய செடி. அதைச் சொன்னால் கோபம் வருமா?

நீலகிரித் தேநீர் | ஜூன் 21, இரவு 9.20

பழையது என்றால் ஏன் பின்தங்கியது? உலகில் பத்தாயிரத்துக்கு மேல் பெரணி இனங்கள் இருப்பதாகப் படித்தேன்.

ரிட்டயர்டு டீச்சர் | ஜூன் 22, காலை 6.20

கோபம் வராது, மதிப்பெண் குறையும். பெரணி வம்சம் பழையது. ஆனால் இன்றிருக்கும் இனங்களில் பெரும்பாலானவை பூக்கும் மரங்கள் காடாகப் பரவிய பிறகு அந்த நிழலில் கிளைத்தவை. மங்கல் வெளிச்சத்தை உணரும் ஒரு மரபணுவை அவை ஹார்ன்வோர்ட் என்ற பாசிச் சொந்தத்திடமிருந்து பெற்றிருப்பதாக 2014இல் ஒரு குழு காட்டியது. பெற்றோர் வழியாக அல்ல, நேரடியாகவே தாவிவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளியில் நாக்கு மாதிரி ஒற்றை இலை விடும் ஓஃபியோகிளாசம் என்ற பெரணி இருக்கிறது. அதில் ஓர் இனத்துக்கு ஒரு செல்லில் 1260 குரோமோசோம். உங்களுக்கும் எனக்கும் 46.

குதர்க்கம் | ஜூன் 22, காலை 7.05

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் அறிவாளி ஆகிவிடுமா என்று கேட்க வந்தேன். 1260 என்றதும் வாய் அடைத்துவிட்டது.

கிணற்றடி | ஜூலை 9, காலை 8.10

திரும்ப வந்துவிட்டேன். ஸ்போரை விதைத்துப் பார்க்கலாம் என்று இலையைத் தாளில் கவிழ்த்து வைத்தேன், காலையில் பார்த்தால் தாளில் அந்த இலையையே பழுப்புத் தூளால் கோலம் போட்ட மாதிரி வரைந்திருந்தது. அவ்வளவு துல்லியம். தூளைத் தொட்டி மண்ணில் தூவி, நாற்று மாதிரி மேலே ஒரு விரக்கடை மண் போட்டு மூடினேன். மூன்று வாரம் ஆகிறது. ஒன்றும் வரவில்லை.

ரிட்டயர்டு டீச்சர் | ஜூலை 9, காலை 9.00

உயிரோடு புதைத்துவிட்டீர்கள். பெரும்பாலான பெரணி ஸ்போருக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணே வேண்டாம். பழைய செங்கல் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுங்கள், ஆறியதும் தட்டில் ஒரு விரல் தண்ணீரில் நிறுத்துங்கள். மேல்முகத்தில் தூளைத் தட்டுங்கள், ஊதினால் போதும். கண்ணாடி ஜாடி கவிழ்த்து, நேர்வெயில் படாத ஜன்னலில் வையுங்கள். ஜாடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

1794இல் ஜமைக்காவில் இருந்த ஜான் லிண்ட்ஸே என்ற மருத்துவர் தூளை விதைத்து, நாளுக்கு நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது பெரணியாவதை எழுதினார். அதற்கு முன்னால் ஐரோப்பாவில் பெரணிக்கு விதை இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது என்று நம்பினார்கள். அது கையில் இருந்தால் நாமும் மறைந்துபோகலாம் என்று வேறு. ஆனாலும் லிண்ட்ஸேவுக்கு நடுவிலிருந்த தகட்டின் வேலை புரியவில்லை. அதில் ஆண் உறுப்பை நேகலி 1844இலும், பெண் உறுப்பை சுமின்ஸ்கி 1848இலும் கண்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து பாசி, பெரணி, ஊசியிலை மரம் எல்லாவற்றுக்கும் ஒரே கதை என்று 1851இல் சொன்னவர் ஹோஃப்மைஸ்டர். அப்போது அவருக்கு 27 வயது. கல்லூரிப் படிப்பு இல்லை, குடும்பத்தின் இசைப் புத்தகக் கடையில் வேலை, கிட்டப்பார்வை வேறு. அதனால்தானோ என்னவோ மைக்ராஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கிணற்றடி | ஆகஸ்ட் 21, மாலை 6.00

செங்கல் முழுக்க மெல்லிய பச்சை! ஆனால் துக்கச் செய்தி. அம்மா நேற்று ஜன்னலைத் துடைக்கும்போது 'இந்த ஜாடிக்குள்ள ஏன்டா பாசி பிடிச்ச செங்கல்லை வச்சிருக்க' என்று பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டார்கள். பளிச்சென்று இருக்கிறது.

குதர்க்கம் | ஆகஸ்ட் 21, மாலை 6.20

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

மலைநாட்டான் | ஆகஸ்ட் 21, இரவு 8.00

அம்மாவை ஏசாதீர்கள். எங்கட வீட்டிலும் இதேதான் நடந்தது. தூள் மிச்சம் இருக்கும் அல்லவா? பழுப்பு வித்திகள் காகிதத்தில் காய்ந்தபடியே நெடுங்காலம் தாங்கும். திரும்பப் போடுங்கள்.

கிணற்றடி | நவம்பர் 12, காலை 7.30

இரண்டாம் செங்கல். இந்த முறை ஜாடி மேல் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் இதயம், நிஜமாகவே இதயம், நாற்பது ஐம்பது இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று மீன் செதில் மாதிரி. ஆனால் ஒரு மாதமாக அப்படியே நிற்கின்றன. குட்டி இலை வரக் காணோம்.

ரிட்டயர்டு டீச்சர் | நவம்பர் 12, காலை 8.15

தண்ணீர் செங்கல் வழியாகக் கீழிருந்துதானே ஏறுகிறது? ஈரம் இருக்கும், நீந்த இடம் இருக்காது. காய்ச்சி ஆறிய தண்ணீரை ஸ்பிரேயரில் எடுத்து, தகடுகள் நனைந்து மினுங்கும்வரை மேலிருந்து தெளியுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை. வெளியே ஐப்பசி மழை பெய்கிறது, உங்கள் ஜாடிக்குள் மட்டும் கோடை.

கிணற்றடி | டிசம்பர் 20, காலை 6.55

வந்துவிட்டது! அம்மாதான் முதலில் பார்த்தார்கள். இதயத்தின் பள்ளத்திலிருந்து அரிசி நொய் அளவில் ஓர் இலை, விசிறி மாதிரி. பெரிய இலையைப் போல சீப்பாக இல்லை, பரவாயில்லையா? இன்னொன்று: ஓர் இதயத்திலிருந்து இரண்டு இலை எட்டிப் பார்க்கின்றன. இரட்டைப் பிள்ளையா?

ரிட்டயர்டு டீச்சர் | டிசம்பர் 20, காலை 7.20

முதல் இலைகள் அப்படித்தான் இருக்கும், ஐந்தாறு இலை தாண்டினால் சீப்பு வரும். இரட்டை ரொம்ப அபூர்வம். பல முட்டை கருவுற்றாலும் ஒரு தகட்டில் ஒன்றுதான் பொதுவாகப் பிழைக்கும். ஊசி முனையால் மெல்ல நகர்த்திப் பாருங்கள், அடியில் இரண்டு தகடு ஒட்டிக் கிடக்கும்.

கிணற்றடி | டிசம்பர் 20, காலை 7.45

ஆமாம் டீச்சர், இரண்டு தகடுதான். பொங்கலுக்குக் கிணற்றைத் தேய்க்கும் வேலை இந்த வருடம் வடக்குச் சுவரோடு நிற்கும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்.